"உங்கட பிள்ளையள் எங்களிட்டை வரேல்லை, அக்கா"

எங்கள் பள்ளியில் ரிசப்ஷன் வகுப்புக்கு வெளியே கோட்டு மாட்ட 30 கொக்கிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்த குழந்தைகள் சேரும் முதல் வகுப்புக்குத்தான் ரிசப்ஷன் என்று பெயர். ஒவ்வொரு கொக்கிக்கும் மேலே ஒரு படம், படத்துக்குக் கீழே குழந்தையின் பெயர். 2024 செப்டம்பரில் நான் பார்க்கப் போனபோது 21 கொக்கிகளில்தான் பெயர் இருந்தது. நத்தை, குடை, ஆந்தை என்று மிச்சம் ஒன்பதில் படம் மட்டும். பக்கத்தில் இருக்கிற இன்னொரு ரிசப்ஷன் வகுப்பில் 20 பெயர்கள். வெறும் கொக்கிகளைப் பார்க்க ஆசிரியைக்கு மனசு கேட்கவில்லை போல. சில குழந்தைகளுக்கு இரண்டு கொக்கி கொடுத்திருந்தார், கோட்டுக்கு ஒன்று, பைக்கு ஒன்று. இரண்டு கொக்கி கிடைத்த பையன் ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பெருமையாகக் காட்டினான்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 இடம், 41 குழந்தைகள். ஒரு குழந்தைக்கு அரசுப் பணம் ஆண்டுக்கு 5,000 பவுண்டு வரும் என்று வைத்துக்கொண்டாலும், வராத 19 பேரோடு கிட்டத்தட்ட 95,000 பவுண்டு போய்விட்டது. ஆனால் 41 குழந்தைகளுக்கும் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும், இரண்டு அறைகளைச் சூடாக்க வேண்டும். இங்கிலாந்தில் ரிசப்ஷனிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை ஒரு ஆசிரியரிடம் 30 குழந்தைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் 41 என்பது மிகவும் சங்கடமான எண். ஒரு வகுப்பில் அடங்காது, இரண்டு வகுப்புக்குக் காணாது.

நான் லண்டனின் ஒரு புறநகர்ப் பகுதியில் ஆரம்பப் பள்ளி ஒன்றில் கவர்னராக இருக்கிறேன். முதலில் பெற்றோர் சார்பில் தேர்தலில் நின்று வந்தேன். நான்கு வருடம் முடிந்ததும் குழுவே என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "கவர்னரா? சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். சம்பளம் கிடையாதும்மா, நம்ம ஊரில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே, கிட்டத்தட்ட அது மாதிரிதான் என்றேன். உடனே புரிந்துவிட்டது, எங்கள் தெருவிலேயே அப்படி ஓர் உறுப்பினர் இருக்கிறார். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. குறைந்தது ஏழு பேர், அதில் குறைந்தது இரண்டு பெற்றோர், தலைமை ஆசிரியர், ஊழியர்கள் சார்பில் ஒருவர், கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) முன்மொழியும் ஒருவர், மீதிப் பேரைக் குழுவே சேர்த்துக்கொள்ளும். கவுன்சில் நடத்தும் பள்ளிகளில் இதுதான் அமைப்பு. நாடு முழுவதும் ஏறத்தாழ 2,50,000 பேர் இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள்.

பள்ளியைத் தினசரி நடத்துவது தலைமை ஆசிரியையின் வேலை. பள்ளி எந்தத் திசையில் போகிறது, பிள்ளைகள் படிக்கிறார்களா, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று கேட்பது எங்கள் வேலை. கேட்பது என்றால் உட்கார்ந்து, தாளைப் புரட்டி, புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்பது. மருந்தகத்தில் வேலை முடித்து ஆறரை மணிக்கு ஓடிவந்து, நூலகத்தில் ஏழு வயசுக் குழந்தைக்கான நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்காருவேன். முதல் வருடம் நான் வாயே திறக்கவில்லை. அப்போதிருந்த தலைவர், ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர், ஒவ்வொரு அறிக்கைக்குப் பிறகும் "இதனால் குழந்தைக்கு என்ன ஆகும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை நானும் பிடித்துக்கொண்டேன்.

பணம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் வியாழக்கிழமை கணக்கெடுப்பு நாள். அன்றைக்குப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளோ, அதை வைத்துத்தான் அடுத்த ஏப்ரலில் தொடங்கும் ஓராண்டுக்கான பட்ஜெட். 2024-இல் அது அக்டோபர் 3. அக்டோபர் 7, திங்கட்கிழமை, மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை சேர்ந்தாள். குடும்பம் அந்த வார இறுதியில்தான் வீடு மாறியிருந்தது. நான்கு நாள் தள்ளி வந்ததால் 2026 மார்ச் வரைக்கும் அவளுக்கென்று எங்கள் பட்ஜெட்டில் ஒரு பென்னிகூட வராது. அலுவலகத்தில் அவள் அப்பா ஷூ அளவு சொல்லிக்கொண்டிருந்தார், உடற்பயிற்சி வகுப்புக்குக் கறுப்பு ஷூ போதுமா என்று கேட்டார். ஷூவைத் தவிர அவருக்கு வேறு கவலை வரக்கூடாது என்றுதான் எங்களுக்கெல்லாம் தோன்றியது.

சரி, இடம் காலியாக இருக்கிறது. என்ன செய்வது? எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கம்பிவேலியில் "ரிசப்ஷனில் இடம் உண்டு" என்று பெரிய பேனர் கட்டினோம். பள்ளியைச் சுற்றிப் பார்க்க வரச்சொல்லி நான்கு நாள் ஒதுக்கினோம். துண்டுப் பிரசுரம் அடித்தோம். ஒரு மைல் சுற்றளவில் இருக்கிற மற்ற நான்கு ஆரம்பப் பள்ளிகளும் அதையேதான் செய்தன. ஐந்து வேலியிலும் ஐந்து பேனர். எங்கள் கூட்டங்களில் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். "அவர்கள் புது விளையாட்டுத் திடல் போட்டிருக்கிறார்கள், நம் பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். யாரிடமும் ஓர் ஆதாரமும் கிடையாது.

எங்கள் பகுதி கவர்னர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று உண்டு, பருவத்துக்கு ஒருமுறை கூடும். பெரும்பாலும் பயிற்சிதான், குழந்தைப் பாதுகாப்பு, பட்ஜெட் படிப்பது, இப்படி. 2024 அக்டோபர் கூட்டத்தில் இடைவேளையின்போது தேநீருக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நின்றார். கவர்னர் கூட்டங்களில் தமிழ் காதில் விழுவது அபூர்வம். அவர் போனில் மனைவியிடம் "பாலை அடுப்பில வச்சிட்டு மறந்திடாதையும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் பேச்சுக் கொடுத்தேன். அவர் பக்கத்துப் பள்ளியின் துணைத் தலைவர். விளையாட்டுத் திடல் போட்ட அதே பள்ளி.

"உங்க ஸ்கூல்ல ரிசப்ஷனுக்கு இந்த வருஷம் எத்தனை பேர் தம்பி?" என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு. அறுபது இடத்துக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்க பிள்ளைங்க நிறைய பேர் உங்ககிட்ட வந்துட்டாங்கன்னு நாங்க பேசிக்கிட்டிருந்தோம்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்கட பிள்ளையள் எங்களிட்டை வரேல்லை, அக்கா. எங்கட பிள்ளையள்தான் உங்களிட்டை வந்திட்டினம் எண்டு நாங்கள் இவ்வளவு நாளும் நினைச்சுக் கொண்டிருந்தனாங்கள்."

பிள்ளைகள் எங்கேயும் போகவில்லை. பிறக்கவே இல்லை, அல்லது லண்டனைவிட்டே போய்விட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 2012-இல் பிறந்த குழந்தைகள் 7,29,674. 2020-இல் 6,13,936. 2023-இல் 5,91,072. ஒருகாலத்தில் வகுப்பறை போதவில்லை என்று லண்டன் முழுக்கப் பள்ளிகளைப் பெரிதாக்கினார்கள். எங்கள் பள்ளிக்கு இரண்டாவது ரிசப்ஷன் அறை வந்ததும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள், அறை மட்டும் நிற்கிறது. இதோடு வாடகையும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது குழந்தை பிறந்ததும் பெரிய வீடு தேடுகிறவர்களுக்கு லண்டனில் கட்டுப்படியாவதில்லை. ஒரு மைல் தள்ளி இருக்கிற பள்ளியோடு மல்லுக்கட்டி இதில் ஒன்றையும் மாற்ற முடியாது.

நவம்பரில் ஐந்து பள்ளிகளின் தலைவர்களும் துணைத் தலைவர்களும் எங்கள் நூலகத்தில் கூடினோம். வரவைப்பது எளிதாக இருக்கவில்லை. ஐந்தில் மூன்று கவுன்சில் பள்ளிகள், ஒன்று கத்தோலிக்கப் பள்ளி, ஒன்று அகாடமி, அதாவது அரசுப் பணத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளி. கவுன்சில் பள்ளிகளில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது கவுன்சில். கத்தோலிக்கப் பள்ளியில் அது கவர்னர் குழுவின் அதிகாரம். அகாடமியில் அதை நடத்தும் அறக்கட்டளையின் அதிகாரம். எண்கள் எல்லாம் கவுன்சில் கையில் இருந்தன. ஆனால் மூன்று பள்ளிகளின் எண்ணிக்கையைத்தான் அது தொட முடியும், மற்ற இரண்டுக்கும் உத்தரவு போட முடியாது. ஐவருக்கும் பொதுவாக மேலே யாரும் இல்லை. நாங்களாகக் கூடிப் பேசினால்தான் உண்டு.

ஒரு பெரிய தாளில் எழுதினோம். எங்கள் பள்ளி 60-க்கு 41. யாழ்ப்பாணத்துத் தம்பியின் பள்ளி 60-க்கு 38. அகாடமி 60-க்கு 44. கத்தோலிக்கப் பள்ளி 30-க்கு 27. இன்னொரு சின்னப் பள்ளி 30-க்கு 22. மொத்தம் 240 இடம், 172 குழந்தைகள். எட்டு வகுப்பு ஓடுகிறது, ஆறு போதும். தாளைச் சுவரில் ஒட்டிய பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேனர் செலவு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று சின்னப் பள்ளியின் தலைவர் கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டு பெரிய பள்ளிகள் 60-இலிருந்து 30-க்கு வந்தால் 180 இடம் இருக்கும், 172 பேருக்கு. காகிதத்தில் கச்சிதம். ஆனால் எட்டே இடம் மிச்சம் என்றால், வருஷத்தின் நடுவில் வீடு மாறி வருகிற குடும்பம் எங்கே போகும்? அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். முதலில் ஒரு பள்ளி குறைப்பது, இரண்டு வருடம் பார்ப்பது, அப்புறம் அடுத்தது என்று பேசி முடித்தோம்.

எந்தப் பள்ளி? 38 பேர் உள்ள பள்ளிதான் என்று எல்லார் கண்ணும் போனது. தம்பி ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். செப்டம்பரில் எத்தனை, ஜூலையில் எத்தனை என்று மூன்று வருடக் கணக்கு. அவர்கள் பள்ளிக்குப் பின்னால்தான் வீடில்லாத குடும்பங்களைக் கவுன்சில் தற்காலிகமாகத் தங்கவைக்கிற கட்டடங்கள் இருக்கின்றன. நவம்பரில் இரண்டு பேர், பிப்ரவரியில் நான்கு பேர் என்று வந்து, ஜூலையில் முப்பத்தெட்டு ஐம்பதைத் தாண்டிவிடுகிறது. வந்தவர்களில் சிலர் ஒரே மாதத்தில் வேறு கட்டடத்துக்கு மாற்றப்பட்டுப் போகிறார்கள். "கேட்டைப் பூட்டினா அந்தப் பிள்ளையள் பஸ் ஏறித்தான் பள்ளிக்கூடம் போக வேணும்" என்றார், முதலில் ஆங்கிலத்தில், பிறகு என்னைப் பார்த்துத் தமிழில். எங்கள் பள்ளியில் அப்படி இல்லை. செப்டம்பரில் 41 என்றால் ஜூலையிலும் 41, கூடினால் 42.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தலைவருக்கும் தெரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். குறைக்க வேண்டியது நாங்கள்.

டிசம்பரில் எங்கள் குழு கூடியது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஊழியர்கள் சார்பில் எங்கள் குழுவில் இருப்பவர் அந்த இரண்டாவது ரிசப்ஷன் வகுப்பின் ஆசிரியை, இரண்டு கொக்கி கொடுத்தவர். ஒரு வகுப்பை எடுத்தால் போவது அவர் வேலையாக இருக்கலாம். தனக்கு இதில் சொந்த நலன் இருக்கிறது என்று சொல்லிவிட்டு விவாதத்துக்கு முன்பே எழுந்தார். அதுதான் முறை. நாற்காலியை உள்ளே தள்ளி, தன் தாள்களை அடுக்கி, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவில் கண்ணாடி இருந்தது. நாங்கள் பேசின ஐம்பது நிமிடமும் தாழ்வாரத்தில் அவர் தலை தெரிந்துகொண்டே இருந்தது. அங்கே மாட்டியிருந்த ஓவியங்களில் கழன்ற மூலைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார்.

"41 பேர் வருகிற பள்ளி ஏன் 38 பேர் வருகிற பள்ளிக்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? நாம் எந்தப் பள்ளிக்குக் கவர்னர்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், சட்டப்படியும் எங்கள் பொறுப்பு எங்கள் பள்ளிக்குத்தான். தபால்காரரின் கேள்வியை நான் எடுத்தேன். 41 பேரோடு இரண்டு வகுப்பு ஓட்டினால் குழந்தைக்கு என்ன ஆகும்? பேசத் தடுமாறும் குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சியை நிறுத்த வேண்டும், மதியத்தில் உதவி ஆசிரியரை எடுத்துவிட வேண்டும், அடுத்த வருடம் வாசிப்புக்கு உதவ வருகிறவரையும் எடுத்துவிட வேண்டும். மூன்று வருடக் கணக்கில் பற்றாக்குறை கூடிக்கொண்டே போனது. 30 பேரோடு ஒரு முழு வகுப்பு என்றால் இதையெல்லாம் காப்பாற்றலாம். சேராத 11 பேருக்கு ஒரு மைலுக்குள் இடம் இருக்கிறது, எங்கே என்று பெயரோடு எங்களுக்குத் தெரியும். ஆதரவு எட்டு, எதிர்ப்பு இரண்டு, ஒருவர் நடுநிலை. கிளார்க் எழுதிக்கொண்டார். ஆசிரியையை உள்ளே கூப்பிட்டோம். முடிவைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அடுத்த பொருள் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

எங்கள் கோரிக்கை கவுன்சிலுக்குப் போனது. இதற்கென்று ஒரு காலக்கெடு இருக்கிறது. அக்டோபர் 1-க்கும் ஜனவரி 31-க்கும் நடுவில் குறைந்தது ஆறு வாரம் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், பிப்ரவரி 28-க்குள் முடிவு செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் அது 2026 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வரும். நவம்பரில் நாங்கள் கூடியிருக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் போயிருக்கும்.

கேட்டில் வதந்தி வேகமாகப் பரவியது. "ஸ்கூலை மூடப்போறாங்களாமே?" என்று தமிழ் அம்மாக்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கவுன்சில் கொடுத்த எட்டுப் பக்க ஆவணத்தை வீட்டில் யாரும் படித்திருக்கவில்லை, அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை. ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: பள்ளி மூடவில்லை, ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகள் யாரும் வெளியே போகமாட்டார்கள், அண்ணனோ அக்காவோ இங்கே படித்தால் தம்பி தங்கைக்கு முன்னுரிமை அப்படியே இருக்கும். யாழ்ப்பாணத்துத் தம்பி அதையே குஜராத்தியிலும் ருமேனிய மொழியிலும் ஆட்களைப் பிடித்து எழுதவைத்தார். ஐந்து பள்ளி கேட்டிலும் ஒரே தாள். அகாடமியின் வாசலில் எங்கள் பள்ளியைப் பற்றிய தாளை ஒட்ட அனுமதித்ததைத்தான் நான் இந்த இரண்டு வருடத்தில் பெரிய விஷயமாக நினைக்கிறேன். முதல் கூட்டத்தில் அவர்கள் மாதவாரிக் கணக்கைக் காட்டவே தயங்கினார்கள். அங்கே உள்ளூர் கவர்னர்களுக்கு அதிகாரம் குறைவு, எதற்கும் மேலே கேட்க வேண்டும். கேட்டு, இரண்டாவது கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

எண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மற்றதும் வெளியே வந்தது. பேச்சுப் பயிற்சிக்கு ஐந்து பள்ளிகளும் தனித்தனியாக மாதத்துக்கு அரை நாள், ஒரு நாள் என்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தோம். வந்தவர் குழந்தையின் பெயரைப் பழகுவதற்குள் மாறிவிடுவார். பணத்தைச் சேர்த்துப் போட்டு, வாரத்துக்கு இரண்டரை நாள் ஒரே பயிற்சியாளரை வைத்துக்கொண்டோம், பள்ளிக்கு அரை நாள். 2025 செப்டம்பரிலிருந்து வருகிறார். தற்காலிக வீட்டிலிருந்து தம்பியின் பள்ளிக்கு வந்த ஒரு பையன் பிப்ரவரியில் எங்கள் பக்கத்துக்கு வீடு மாறி வந்தான். புதுப் பள்ளி, புது வகுப்பு, யாரையும் தெரியாது. வியாழக்கிழமை பயிற்சியாளர் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் எழுந்து போய் அவர் அட்டைப் பையைத் தானே வாங்கிக்கொண்டு, எந்த அட்டையிலிருந்து தொடங்க வேண்டும் என்று எடுத்துக் கொடுத்தானாம். அவன் ஆசிரியை எனக்குச் சொன்னார்.

அந்த ரிசப்ஷன் ஆசிரியை வேலையை இழக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், வரும் செப்டம்பரில் இவர் அங்கே போகிறார். ஆனால் உதவி ஆசிரியர் இடம் ஒன்று போகத்தான் போகிறது. பதினோரு வருடம் இருந்தவர். அவருக்கு அகாடமியில் ஓர் இடம் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை. அது முடியும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

ஜனவரி 15-தான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அதற்கு முந்தின வாரம் ஓர் அம்மாவோடு மருந்தகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர் போனிலேயே பூர்த்தி செய்தோம். ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். அவர் எங்கள் பள்ளியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தப் பார்த்தார். மற்ற நான்கையும் எழுதச் சொன்னேன். "அதெல்லாம் நல்ல ஸ்கூலாக்கா?" என்று கேட்டார். நான்கிலும் யார் தலைவர், எந்த வகுப்பில் என்ன நடக்கிறது, வாசலில் மழைக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்பதுவரை என்னால் சொல்ல முடிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பேனர் கட்டிய நான் இதைச் சொல்லியிருக்க முடியாது. ஏப்ரல் 16 அன்று முடிவு வரும்.

அடுத்த கூட்டம் மார்ச் 12, வியாழக்கிழமை, இந்த முறை கத்தோலிக்கப் பள்ளியில். முதல் பொருள் அந்த உதவி ஆசிரியர். இரண்டாவது பொருள் தம்பியின் ஜூலைக் கணக்கு. தேநீர் போடுகிற முறை எங்களுடையது, பால் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.